அண்ணாந்து குடிக்கிற தண்ணீர்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆத்திரத்தில் கத்தினால் என்ன செய்வது என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையைக் கட்டு, வாயைப் பொத்து, அதற்கும் மசியாவிட்டால் பிரம்பு. தொண்ணூறுகளில் ஏரலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதுதான் நடைமுறை. நான் பிரம்பைத் தொடவில்லை. பெரிய கருணையெல்லாம் இல்லை. எனக்கு மூக்குநுனியில் கோபம். கையில் பிரம்பு இருந்தால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே பயம்.

வேறு வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. வகுப்பு மூலையில் மண்பானையும் ஒரு தம்ளரும் இருந்தன. பொதுத் தம்ளரை எச்சில் படுத்தக் கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஏங்கி ஏங்கி அழுகிற பிள்ளை அப்படிக் குடித்தால் தண்ணீர் சட்டையில்தான் விழும். மூச்சு நிதானப்பட்டால்தான் ஒரு மடக்கு உள்ளே இறங்கும். பிள்ளைகள் அதற்காகவே அழுகையை விழுங்கிக்கொண்டு நிற்பதை ஒருநாள் கவனித்தேன். அன்று முதல் வகுப்பில் ஒரு சட்டம் வைத்தேன். கோபமோ அழுகையோ வந்தால் என்னைக் கேட்காமல் எழுந்து போகலாம். சிந்தாமல் குடிக்க முடிகிறவரை பானைப் பக்கத்திலேயே நிற்கலாம். யாரும் கேலி பண்ணக் கூடாது.

அந்த வருஷம் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கடிப்பாள். பென்சிலைப் பிடுங்கினால், தெரியாமல் காலை மிதித்துவிட்டால், பல் பதிகிற மாதிரி கடிப்பாள். கடிபட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். "இன்னொரு புகார் வந்தா டி.சி.யக் கிழிச்சுக் கையில குடுத்துருவேன் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

அவளுக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்கவில்லை. மாதக்கணக்கில் ஈரச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போனாள். ஒருநாள் பின்னாலிருந்து ஒருவன் சடையை இழுத்தான். அவள் திரும்பினாள், வாயைத் திறந்தாள், பிறகு எழுந்து பானைக்குப் போனாள். வெகுநேரம் நின்றாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டு என்னிடம் வந்து, "கோவம் போயிட்டு டீச்சர்" என்றாள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வீட்டில் எல்லாருக்கும் சலிக்கிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது அவள் மேலுதட்டில் தையல் போட்டிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"அப்பாக்குக் கோவம் வந்துட்டு. அம்மாவ அடிச்சாக. நான் செம்புல தண்ணி கொண்டு போனேன்."

"குடுத்தியா?"

"அண்ணாந்து குடிங்கப்பா, பைய குடிங்க, போயிரும்னு சொன்னேன்."

"குடிச்சாகளா?"

"செம்பால அடிச்சிட்டாக" என்றாள். பிறகு, "நான் சரியாத்தான் சொன்னேன் டீச்சர்" என்றாள்.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை, அதிராத பேச்சு. "படியில விழுந்துட்டா டீச்சர்" என்றார். "விழுந்தாளா, நீங்க அடிச்சீங்களா?" என்று நேராகவே கேட்டேன். அவர் சிரித்தார். "இங்கன என்ன சொல்லிக் குடுக்கீயளோ, வீட்டுல வந்து எங்களுக்கே பாடம் நடத்துதா. இனிமே அதெல்லாம் வேண்டாம்" என்றார். தலைமையாசிரியர் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். சர்டிபிகேட், கையெழுத்து என்று தாலுகா ஆபீஸில் ஆள் வேண்டாதவர் யார்? அப்பா பேசி முடிக்கிறவரை அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஆளைத் தூக்கி ஆற்றில் போடலாம் போல இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு அவள் பானைப் பக்கம் போகவே இல்லை. கத்தவும் இல்லை. நான் சொல்லாமலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தாகமெடுத்தால்கூட வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்வதாகச் சொல்வாள். தலைமையாசிரியர் ஒருமுறை வகுப்புக்குள் வந்து பார்த்துவிட்டு, "எப்படித்தான் அடக்குனீயளோ, கெட்டிக்கார டீச்சர்தான்" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அவளுக்குப் பக்கத்திலிருந்தவன் அவள் பென்சிலைப் பிடுங்கினான். பிடுங்கியதும் பழைய பயத்தில் தன் கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனைக் கடிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டிய கையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.