ஊதாங்குழல் மறைத்த சங்கதி

ஆட்டுப்பண்ணையில் அவளுக்கு ஊதாங்குழல் என்று பெயர். மூச்சில்லாமல் விழுந்த குட்டியை மடியில் போட்டு, மூக்கை வழித்துத் துடைத்து, அதன் வாயில் வாய் வைத்து ஊதுவாள். நாலு ஊது, அஞ்சு ஊது, ஆறாவதில் குட்டி தும்மிவிடும். “போச்சு, தூக்கிப் போடு” என்று மற்றவர்கள் கைகழுவிய குட்டிகள் எத்தனையோ அங்கே முட்டிமோதிக்கொண்டு திரிகின்றன. பெயர் வைத்துச் சிரித்தவர்களே, ஆடு ஈன முடியாமல் கத்தினால், “ஊதாங்குழல் எங்கப்பா?” என்று ஓடுவார்கள்.

கால்நடை டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். “வாயை வைக்காதம்மா. ஈன்ற ஈரத்துலதான் கிருமியே இருக்கு.” பண்ணைக்காரரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வாய் வைத்து ஊதுகிற ஆளுக்கு ஈனும் கொட்டகையில் இனி இடமில்லை. அவள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். அவர்கள் தலை மறைந்ததும் பழையபடி ஊதினாள். அப்பப்பா, என்ன பிடிவாதம்!

சின்ன வயதிலேயே அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. அதோடுதான் இருபது வருடம் உழைத்தாள். இந்த வருடம் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. ராத்திரி வேர்த்துக் கொட்டியது. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. புருஷன் தையல்காரர், அவளுடைய சட்டையை மூன்று மாதத்தில் மூன்று முறை பிடித்துத் தைத்தவர், நாலாவது முறை ஊசியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். பழுதான வால்வில் கிருமி குடியேறியிருந்தது. ஆனால் என்ன கிருமி? மூன்று முறை ரத்தம் எடுத்து, அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்தும் ஒன்றும் முளைக்கவில்லை.

“என்ன கிருமின்னு தெரியாம மருந்து கொடுக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கிற மாதிரி” என்றார் இதய டாக்டரம்மா. “வால்வை மாத்தினாலும் புதுசையும் அது அரிச்சிடும். ஆட்டுப்பண்ணையில என்ன வேலை செய்யறீங்க?”

“தீவனம் போடுறேன்.”

“பிரசவம் பார்ப்பீங்களா?”

“அதெல்லாம் வேற ஆளுங்க.”

பச்சைப் பொய்! விஷயம் பண்ணைக்காரர் காதுக்குப் போனால் கொட்டகை போய்விடும் என்ற பயம். உயிர் ஊசலாடும்போதும் கொட்டகையைக் கட்டிக்கொண்டு அழுதவளை என்ன சொல்வது? நினைத்தாலே எரிச்சல் வருகிறது. ஆனால் அந்தக் கொட்டகைக்கு வெளியே அவளை யாரும் தேடியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் தங்கை ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அக்கா படுத்ததிலிருந்து கொட்டகையில் அவள்தான் நின்றாள்.

“அக்கா, நாலு குட்டியைப் பொழைக்க வெச்சுட்டேன்! உன்னை மாதிரியே ஊதினேன். என்னைக் குட்டி ஊதாங்குழல்னு கூப்பிடுறாங்க!”

அவள் தங்கையின் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

“என்னடி இது?”

“லேசா காய்ச்சல்க்கா. ரெண்டு நாளா மண்டை பொளக்குது. விடு, சரியாயிடும்.”

அவள் போர்வையைத் தள்ளினாள். எழுந்தாள். சலைன் மாட்டிய கம்பியை ஒரு கையில் தள்ளிக்கொண்டு, தங்கையை மறு கையில் இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தாள்.

“டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். வருஷக்கணக்கா பிரசவம் பார்க்கிறேன். குட்டி வாயில வாய் வெச்சு ஊதுவேன். என்னைப் பார்த்து இவளும் ஊதியிருக்கா. என்னை விடுங்க, முதல்ல இவ ரத்தத்தை எடுங்க. வயித்துல புள்ள இருக்கு.”

“பண்ணைக்கும் நான் தகவல் சொல்லியாகணும்மா.”

“சொல்லுங்க” என்றாள். சொல்லும்போது அழுதாள்.

இருவர் ரத்தத்திலும் ஒரே விடை வந்தது: கியூ காய்ச்சல். ஆடு ஈன்ற ஈரத்திலிருந்து தொற்றுகிற, சாதாரணமாக வளர்த்தால் முளைக்காத கிருமி. தங்கைக்குப் பிரசவம் வரை மாத்திரை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இவளுக்கு வால்வை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் தினமும் மாத்திரை. பண்ணைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், கொட்டகை போயிற்று. தள்ளி இருக்கும் அறையில் தீவனக் கணக்குப் பார்க்கச் சொன்னார்.

போன மாதம், நல்ல வெயில் நேரத்தில், ஒரு குட்டி மூச்சில்லாமல் விழுந்தது. கொட்டகையில் புதிதாகச் சேர்ந்த பெண் கையுறையோடு அதைத் தூக்கிக்கொண்டு, தூரத்தில் வேலியோரம் நின்றவளைப் பார்த்துக் கத்தினாள்.

“அக்கா, என்ன செய்ய?”

“துணியால நல்லா தேய். வைக்கோலால மூக்கைக் குத்து.”

பெண் தேய்த்தாள், குத்தினாள். குட்டி அசையவில்லை.

“அக்கா, ஒரே ஒரு தடவை ஊதிப் பார்க்கட்டுமா?”

ஊதினால் பிழைத்துவிடும். அந்தப் பண்ணையில் அது அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம். வாயை வைக்காத.”

குட்டி அடங்கிப்போயிற்று. அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவு” என்றாள்.