வெட்டாமல் விட்ட மரம்

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் அருணா வீடு வீடாகப் போவாள். அரிமளத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. செல்போனில் முதலில் வாசலைப் படம் எடுப்பாள். பிறகு ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுப்பாள். பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து அதன் நம்பரை எடுப்பாள், தண்ணீர் மோட்டாருக்கும் அப்படியே. பில் இருந்தால் அதையும் சேர்த்து வீட்டுக்காரரின் போனுக்கே அனுப்பிவிடுவாள். வங்கிக் கடனில் கட்டிய வீடென்றால் இன்சூரன்ஸ் கேட்க உதவும். இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு, புயலுக்குப் பின் கணக்கெடுக்க வருகிறவர்களிடம் காட்டவாவது ஆகும். இதற்காக யாரிடமும் எதுவும் வாங்கமாட்டாள். காப்பி கொடுத்தால்கூட வேண்டாம் என்பாள்.

நல்ல மனசுக்காரி என்று ஊரில் பேர். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அருணாவின் கணவர் சூர்யபிரகாஷ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். எட்டு வருடம் அங்கே கிடந்து சேர்த்த பணம் போக, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கி அந்த மாடி வீட்டைக் கட்டினார். கடனோடு சேர்த்து வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட்டிருந்தார்கள். கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கஜா புயல் வந்தது.

விடிந்து வெளியே வந்தபோது, வாசலில் நின்ற பெரிய வேப்பமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. கார் நிறுத்தப் போட்டிருந்த தகரக் கொட்டகையை நசுக்கி, காம்பவுண்டுச் சுவரை இடித்து, பக்கத்துச் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காணவில்லை. அந்தச் சந்தின் கடைசியில் ஒரே ஒரு வீடு. அதில் காத்தாயியும் அவள் மகன் ராசுவும் இருந்தார்கள். காத்தாயிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நடவு, களையெடுப்பு என்று எந்த வேலைக்கும் முதல் ஆளாக நிற்பவள்.

அருணா போனை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். மரத்தை மட்டும் பதினேழு படம். மறுநாள் மதியம், எப்படியோ சிக்னல் கிடைத்து சூர்யபிரகாஷ் கூப்பிட்டார்.

"கம்பெனிக்காரன் வந்து பாக்குறவரைக்கும் எதையும் நகத்தாத அருணா. கலைச்சுட்டா நாமளே இடிச்சுக்கிட்டோம்னு சொல்லிருவான்" என்றார். அவருக்கும் அது மஸ்கட்டில் கூட அறையில் இருந்த யாரோ சொன்னதுதான்.

அன்று சாயங்காலம் ராசு கோடாலியோடு வந்தான்.

"அக்கா, முழு மரத்தையும் தொடலை. ஒரு ஆளு போற அளவுக்கு மட்டும் வெட்டிக்கிர்றேன்."

"இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாத்துரட்டும் ராசு. ரெண்டு நாளுதான்."

"அதான் போட்டோ எடுத்துட்டீங்கள்ல?"

"போட்டோ செல்லாதுடா. நேர்ல பாக்கணுமாம்."

போட்டோ செல்லாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டாள். ராசு போன பிறகு, ஆள் இல்லாத நேரத்தில் வெட்டிவிடுவானோ என்று பயந்து, துணி காயப்போடும் கயிற்றை எடுத்து மரத்தைச் சுற்றிக் கட்டினாள். இன்றைக்கும் அவளுக்குத் தாங்கமுடியாதது அந்தக் கயிறுதான்.

காத்தாயி கோபப்படவில்லை. "ஒம் புருசன் வெயில்ல காஞ்சு கட்டுன வீடு தாயி. நாங்க தாண்டிப் போய்க்கிறோம்" என்றாள்.

கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை. ஊருக்கே தெருமுனை அடிபம்புதான் தண்ணீர். காத்தாயி ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை குடத்தோடு அந்த மரத்தில் ஏறி இறங்கினாள். அருணா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான்காம் நாள் காலையில் மழை தூறியது. மரப்பட்டை வழுக்கி காத்தாயி தன் வீட்டுப் பக்கமாக விழுந்தாள். இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் தெருவில் வந்து நின்றது, ஆனால் அவளைத் தூக்கிக்கொண்டு வர வழியில்லை. "வெட்டுங்க, வெட்டுங்க" என்று அருணாதான் கத்தினாள். ராசுவும் இன்னும் இரண்டு பேரும் வெட்டினார்கள். வழி திறக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை நேரமும் காத்தாயி சேற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

சர்வேயர் ஒன்பதாம் நாள்தான் வந்தார். ரகுநாத் என்று பெயர், திருச்சிக்காரர். மரம் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அருணா நீட்டிய போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்கம்மா. இதுவே போதும்."

"மரத்தை வெட்டிட்டோம் சார்."

"அதனால என்னம்மா? வழியில கெடந்தா வெட்டித்தானே ஆகணும். படம் எடுத்துட்டு அன்னைக்கே வெட்டிருக்கலாம்."

அருணா அவர் கேட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். இன்சூரன்ஸ் பணம் வந்தது, சுவர் எழும்பியது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் எலும்புக்குப் பிளேட் வைத்துக்கொண்ட காத்தாயி, நான்கு மாதம் கழித்து ஒரு காலை இழுத்து நடக்கத் தொடங்கினாள். அதன் பிறகு அவள் வயலில் இறங்கவில்லை.

சர்வேயர் சொன்னதை அருணா கணவரிடம்கூடச் சொல்லவில்லை. காத்தாயி வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோவாள், மாத்திரை வாங்கிவருவாள், செக்கப்புக்குக் கூடப் போவாள். "பெத்த மக மாதிரி பாக்குறா" என்று காத்தாயி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்டால் அருணா எழுந்து வெளியே போய்விடுவாள். அடுத்த ஐப்பசியில்தான் அவள் ஊராருக்குப் படம் எடுக்கக் கிளம்பினாள். "படம் எடுத்து வச்சுக்கிட்டா போதும், எதுக்காகவும் யாரையும் காக்க வைக்காதீங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்வாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

போன வருடம் ராசு அரசாங்கத் திட்டத்தில் சின்னதாக ஒரு கான்கிரீட் வீடு கட்டினான். அதைப் படமெடுக்கப் போன அருணா, போனைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"என்ன தாயி, எடுக்கலையா?" என்று காத்தாயி கேட்டாள்.

"பெரியம்மா, அன்னைக்கு மரத்தை வெட்டிருக்கலாம். சர்வேயர் சொன்னாரு, போட்டோவே போதும்னு. அது செல்லாதுன்னு நானாத்தான் சொன்னேன். கயித்தையும் யாரும் கட்டச் சொல்லலை."

காத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பிறகு, "போட்டோ போதும்னு ராசு அப்பவே சொன்னான். நாந்தான், அவ பொய் சொல்லமாட்டான்னு அவன் வாயை அடைச்சேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ இப்ப போ" என்றாள்.

ஒரு வாரம் அந்த வீட்டுக் கதவு அருணாவுக்குத் திறக்கவில்லை. கொண்டுபோன குழம்புப் பாத்திரம் வாசலிலேயே இருந்தது. எட்டாம் நாள் காத்தாயியே காலை இழுத்துக்கொண்டு வந்து அருணாவின் வாசலில் நின்றாள்.

"மழை வருதாம். வந்து படத்தை எடு" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, அருணாவும் கேட்கவில்லை. அருணா போய் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்தாள். ராசு அதுவரை வெளியே நின்றான். அவன் இன்றுவரை அருணாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதுதான் சரி என்று அருணாவுக்கும் தோன்றுகிறது.