ஒன்றாம் நம்பர் சாவி

நம்புகிறவர்கள் நம்பட்டும். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய் என்றால் நடுச்சாமம், மழை, நாய் ஊளை என்று காத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு நடந்தது பகலில். ஆனால் கார் நிறுத்தும் பேஸ்மென்டுக்குள் பகலேது, இரவேது? இப்போதும் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டுமென்றால் எனக்குக் கால் வராது.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கை நீட்டி அடிக்கிற ஆள் இல்லை. அவருடைய தண்டனை வேறு. எங்கள் காருக்குச் சாவியைத் திருகும் வேலை கிடையாது. ரிமோட் சட்டைப்பையில் இருந்தால் போதும், கதவு திறக்கும், பட்டனை அமுக்கினால் வண்டி ஓடும். வெளியே நின்று இரண்டு தரம் அமுக்கிப் பூட்டினால், உள்ளே இருப்பவர் என்ன இழுத்தாலும் கதவு திறக்காது. சட்டை இஸ்திரி சரியில்லை, அவர் தம்பி முன்னால் சிரித்துப் பேசினேன், இப்படி ஏதாவது ஒரு குற்றம். என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். திரும்பி வந்ததும் ஒரு விளையாட்டு வேறு. பூட்டைத் திறப்பார். நான் கைப்பிடியைத் தொடுவேன். க்ளக். பூட்டிவிடுவார். மறுபடி திறப்பார். தொடுவேன். க்ளக். கண்ணாடிக்கு வெளியே நின்று சிரிப்பார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? பதினோரு வருடம் ஏறினேன்.

ஒருநாள் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்வந்தேன். அன்று என்னிடம் இருந்த ரிமோட்டைப் பிடுங்கித் தரையில் போட்டு, ஷூ காலால் நிதானமாக மிதித்தார். மூடி தெறித்து, உள்ளே இருந்த பச்சைத் தகடு இரண்டாக உடைந்தது. அதன்பிறகு வீட்டில் ஒரே ரிமோட். அது அவரிடம்.

அவர் செத்த கதை இதுதான். ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு, அவருடைய ஆபீஸ் பேஸ்மென்டில் என்னைப் பூட்டிவிட்டு, ஏதோ ஃபைல் எடுக்க மேலே போனார். நாலாம் மாடியில் லிஃப்டை விட்டு வெளியே கால் வைத்தவர் அப்படியே விழுந்தார். மாரடைப்பு. நாலே காலுக்கெல்லாம் உயிர் இல்லை. அங்கே ஆம்புலன்ஸ், கூட்டம், ஓட்டம். கீழே ஒருத்தி அடைபட்டுக் கிடப்பது யாருக்கும் தெரியாது. என் போனும் அவர் பையில்தான். கண்ணாடியைத் தட்டினேன். ஹார்னை அடித்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஏழரை மணிக்குத் தரை கூட்ட வந்த ஒரு பெண் பார்த்துவிட்டு, தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி வந்து கண்ணாடியை உடைத்தாள். ஊருக்கே தெரிந்த பிறகுதான் எனக்குத் தாலி அறுந்தது தெரிந்தது. அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ச் வந்தது, பர்ஸ் வந்தது, இரண்டு போனும் வந்தன. ரிமோட் மட்டும் வரவில்லை. விழும்போது கை தவறி லிஃப்ட் சந்துக்குள் போயிருக்கும் என்றார் கொழுந்தனார்.

காரை விற்றுவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. அடைபட்டுக் கிடந்த அதே வண்டியை நானே ஓட்ட வேண்டும். அது ஒரு வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைந்த கண்ணாடியை மாற்றினேன். அடுத்து ரிமோட். ஷோரூமில் விலை கேட்டேன். அந்தப் பணத்துக்குப் பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். விசாரித்ததில், செல்போன் ரிப்பேர் கடைகளுக்கு நடுவே ஒரு சாவிக்காரர் இருப்பதாகச் சொன்னார்கள். உதிரிபாகக் கடையில் வாங்கிய ரிமோட்டை, வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பதிந்து கொடுத்துவிடுவாராம். கேட்ட கூலி ஷோரூம் விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

எங்கள் குடியிருப்புப் பேஸ்மென்டுக்கே வந்தார். கையடக்க மெஷினை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினார். அரை மணி நேர வேலை. முடிக்கும்போது, தொலைந்த பழைய சாவியை அழித்துவிடட்டுமா என்று கேட்டார். அது தனி வேலை, தனிக் கூலி. லிஃப்ட் குழியில் கிடக்கிற சாவியை எடுத்துக்கொண்டு யார் வரப்போகிறார்கள் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

அன்று நான் ஓட்டினேன் பாருங்கள். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, போக்கிடமே இல்லாமல் இரண்டு மணி நேரம். மனுஷன் செத்ததில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பது நாள் நன்றாகப் போனது.

பத்தாம் நாள் மாலை ஆறு நாற்பது. குப்பையைக் கொட்டக் கீழே போனேன். ரிமோட் மேலே, வீட்டு மேசை டிராயரில். கார் தூரத்தில் நின்றது. சாவி பக்கத்தில் வந்தால் அது மடக்கிய சைடு கண்ணாடிகளை விரித்து, விளக்கை ஒருமுறை சிமிட்டும். வரவேற்பாம்.

கண்ணாடிகள் விரிந்தன. விளக்கு சிமிட்டியது.

அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

ஆறு நாற்பது அவர் வீடு திரும்பும் நேரம். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பினேன். சீட் முழுக்கப் பின்னால் தள்ளியிருந்தது. எனக்குப் பிரேக் எட்டவில்லை. நடுக்கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை, கூரை தெரிந்தது. உயரமான ஆளுக்கு வைத்த அளவு. சரிசெய்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கும் மறுநாள், ரிமோட்டுடன் இறங்கிக் கதவைச் சாத்தினேன். பட்டனை அமுக்கினால் பூட்டிக்கொள்ளவில்லை. டேஷ்போர்டில் எழுத்து வந்தது.

சாவி உள்ளே இருக்கிறது.

சீட்டுக்கு அடியில், பாய்க்கு அடியில், டிக்கியில் எல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை...

சாவிக்காரரைக் கூப்பிட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். சீட் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் முகம் மாறியது. இந்த வண்டி ஒவ்வொரு சாவிக்கும் ஒரு சீட் அளவை ஞாபகம் வைத்திருக்குமாம். "உங்களோடது மூணாம் நம்பர்க்கா. சீட்டு ஒண்ணாம் நம்பருக்குப் போவுது." இரண்டாம் நம்பர் அவர் மிதித்து உடைத்தது; ஒன்றாம் நம்பர் அவருடையது.

எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னேன். அழிக்கும்போது வண்டிக்குள் எந்தச் சாவி இருக்கிறதோ அது மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் செத்துவிடும் என்றார். என்னை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். என் ரிமோட் என் மடியில். அவர் பக்கத்துச் சீட்டில் மெஷினோடு.

மெஷின் மூன்று தரம் கூவியது. அழிந்தது. ஒரு சாவி பதிவானது. "முடிஞ்சுதுக்கா" என்று என் ரிமோட்டை வாங்கிக்கொண்டு, வெளியே போய்ச் சோதிக்க இறங்கினார்.

அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அமுக்கினார். என்னைப் பார்த்தார்.

"அக்கா... இது செத்துப்போச்சு."

"அப்ப எது பதிவாச்சு?"

அவர் கண்ணாடி வழியாக உள்ளே கிடந்த மெஷினை எட்டிப் பார்த்தார்.

க்ளக்.

க்ளக்.

இரண்டு தரம்.

இழுத்தேன். கதவு அசையவில்லை. என் சீட் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. என்னையும் வைத்துக்கொண்டே... கால் பிரேக்கை விட்டுவிட்டது.

பூட்டு திறந்தது.

கைப்பிடியைத் தொட்டேன்.

க்ளக்.

திறந்தது. தொட்டேன்.

க்ளக்.

நான் கத்தவில்லை. கத்தினால் அவருக்குப் பிடிக்கும்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

திறந்தது... மூடவில்லை. காத்திருந்தது.

நான் தொடவில்லை.

சாவிக்காரர் ஜாக்கி கம்பியால் கண்ணாடியை உடைத்து, என் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டார். முழங்கையில் ஏழு தையல். மெஷினைக்கூட எடுக்காமல் போனவர், கூலியும் கேட்கவில்லை. வண்டியை உடைப்புக்குப் போட்டுவிட்டேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. அந்தச் சாவியை என் கையால் உடைத்தால்தான் தூக்கம் வரும் போலிருந்தது. அவருடைய ஆபீஸுக்குப் போனேன். லிஃப்ட் மெக்கானிக் சந்துக்கு அடியில் இறங்கி, டார்ச் அடித்துத் தேடினார். தூசிதான் இருந்தது.

வெளியே வரும்போது பேஸ்மென்ட் வாட்ச்மேன் பின்னாலேயே வந்தார். வயசானவர். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு நீங்க ஹார்ன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சும்மா. மன்னிச்சிடுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"சார்தான் பக்கத்துலயே நின்னாரே. கையில சாவிய வெச்சுக்கிட்டு, குனிஞ்சு கண்ணாடி வழியா உங்களையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நான் வணக்கம்கூட வெச்சேன். தலையாட்டினாரு. புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்குன்னு போயிட்டேன். அதுக்கப்புறம்தான் மேல போயி விழுந்தாருன்னு நெனச்சேன்."

அப்போது மணி என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நாலரைக்குப் பார்த்தேன். ஆறு மணிக்கு ரவுண்டு வரும்போதும் நின்னாரு. அந்தம்மா கண்ணாடிய உடைக்கிற வரைக்கும் அங்கதாம்மா இருந்தாரு."