உயிர் போகாத வண்டி

பழைய ஜீப்பைப் பார்த்துச் சொல்லும் தொழிலில், விற்கிறவர் அன்றைக்கே விரோதியாகிவிடுவார். வாங்கியவர் முதல் மழை வரைக்கும் பொறுத்திருப்பார்.

யுத்தம் முடிந்து பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து போடிக்குத் திரும்பி வந்து, ஊரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் கைமாறிக் கைமாறி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த காலம். மலைக் கணவாயான மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. வாங்குமுன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு, அவர்களுக்குத் தோன்றியதைச் செய்வார்கள். நீங்களும் பழைய வண்டி வாங்கிச் சீரழிந்தவராக இருந்தால், நான் யாரையும் கேலி பண்ணவில்லை என்பது புரியும். சீனிச்சாமி என்பவருக்காகப் பார்த்த வண்டிகளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

வாழைப்பழ வாசம்

சீனிச்சாமிக்குச் சொந்த ஊர் சிலமலை. பங்காளிகளோடு நிலத் தகராறாகி, வீட்டையும் விட்டுக்கொடுத்துவிட்டு, மலையில் இருந்த சின்ன ஏலத்தோட்டமே கதி என்று கிடந்தார். அவர் மனைவிக்கு வயிற்றுவலி கண்டபோது கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். அந்த அம்மாள் பாதி வழியிலேயே போய்விட்டார். இப்போது ஒரே மகள் பேச்சி முழுகாமல் இருந்தாள். மருமகனும் தோட்டத்திலேயே இருந்தார். மாதம் நெருங்கியதும் போடியில் ஒரு வீடு பிடித்து அவளைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட வேண்டும், அதற்கு முன்னால் அவசரம் ஏதும் வந்தாலும் கையில் ஒரு வண்டி இருக்க வேண்டும் என்று பட்டறை வாசலில் வந்து நின்றார்.

முதல் வண்டி கடைவீதிக்குப் பின்னால் ஒரு சரக்குக் கிட்டங்கியில் நின்றது. பச்சைப் பெயின்டு இன்னும் கையில் ஒட்டியது. ஓட்டிப் பார்த்தால் கியர்பெட்டியில் சத்தமே இல்லை. பட்டாளத்தில் அடிபட்ட ஜீப்பு முனகாமல் போனால் எனக்கு நம்பிக்கை வராது. அடியில் படுத்து ஆயில் திருகைக் கழற்றி விரலை விட்டேன். கறுத்த வாழைப்பழமும் மரத்தூளும் குழகுழவென்று வந்தன. பல் தேய்ந்த கியரின் வாயை அடைக்க இப்படி ஒரு வைத்தியம் உண்டு. மெட்டு ஏறி முடிப்பதற்குள் எல்லாம் கரைந்து வண்டி அலற ஆரம்பித்துவிடும். விரலை நீட்டிக் காட்டினேன். விற்கிறவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"பழந்தான தம்பி போட்டிருக்கு. வெசத்தையா போட்டுட்டோம்?"

வேடிக்கை பார்த்த சக்கரங்கள்

அடுத்தது குரங்கணிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சாமி பேரில் சத்தியம் பண்ணினார். லீவரைப் போட்டுச் சேற்றில் இறக்கினேன். பின்சக்கரங்கள் குழி பறித்தன, முன்சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன. குனிந்து பார்த்தால் முன்பக்கத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகிற தண்டையே காணோம். எவனோ கழற்றி விற்றுவிட்டிருந்தான். லீவருக்கு மட்டும் நன்றாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். மழைநாளில் ஏற்றத்தில் வழுக்க ஆரம்பித்தால் அந்த வண்டி ஆளோடு பள்ளத்தில்தான் போய் நிற்கும். கணக்கப்பிள்ளைக்கு என்மேல்தான் வருத்தம்.

"இத்தன நாளா அந்த லீவரை யாரும் தொட்டதில்லண்ணே. நீங்கதான் போய்த் தொட்டுட்டீங்க."

கட்டில் கட்டிய தடம்

மூன்றாவது வண்டியைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துபோனது. சட்டத்தில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுகூட இல்லை. பிரேக்கு மிதித்த இடத்தில் நின்றது. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே ஏற்றத்தில் விட்டேன், முணுமுணுக்காமல் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றேன். சீனிச்சாமி எஞ்சினை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கத்துக் கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே பெயின்டு தேய்ந்து, கயிறு அறுத்த தடம் வரிவரியாகத் தெரிந்தது.

அது என்ன தடம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். மலையில் ஒருவருக்கு முடியாமல் போனால் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி ஜீப்பில் வைத்துக் கட்டி இறக்குவார்கள். சிலர் போடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவார்கள். சிலர் வழியிலேயே போய்விடுவார்கள். உயிர் போன வண்டி என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் அதை வாங்க நாதி கிடையாது. வண்டி பார்க்கக் கூப்பிடுகிற ஒவ்வொருவரும் கடைசியில் என்னிடம் கேட்கிற கேள்வி, இதில் உயிர் போயிருக்கிறதா என்பதுதான்.

நான் விடவில்லை. இத்தனை தடம் விழுந்திருக்கிறது என்றால் கூப்பிட்ட போதெல்லாம் இந்த வண்டி கிளம்பியிருக்கிறது, பிரசவத்துக்கு நிற்க இதைவிட நல்ல வண்டி எது என்று தொண்டை வறளப் பேசினேன். அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுச் சாவே எனக்குப் போதும் தம்பி. இன்னொருத்தன் வீட்டுச் சாவ வேற வெல குடுத்து வாங்கணுமா?"

சுத்தமான வண்டி

புரட்டாசியில் நாலாவது வண்டி வந்தது. மெட்டுக்கு மேலே ஒரு பெரிய தோட்டத்துக்காரர் புதுசு வாங்கிவிட்டு இதைத் தள்ளிவிட நினைத்தார். தவசி என்ற டிரைவர்தான் அதைப் பல வருஷமாக ஓட்டியவர், அவரே கொண்டுவந்து நிறுத்தினார். வண்டியில் குறை சொல்ல எதுவும் இல்லை. கம்பியில் தடம் இதிலும் இருந்தது. சீனிச்சாமி அந்தக் கேள்வியைக் கேட்டார். முடியாத ஆட்களை ஏற்றியது உண்மைதான், ஆனால் இதில் ஓர் உயிர்கூடப் போனதில்லை என்று தோட்டத்து ஆட்கள் கற்பூரம் அணைக்கத் தயாராக நின்றார்கள்.

எனக்கு அது செமிக்கவில்லை. இத்தனை பேரை ஏற்றியும் ஒருவர்கூடப் போகவில்லை என்றால் அது ஜீப்பா, கோயில் தேரா? வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, விளக்குப் பிடிக்கிற சாக்கில் தவசியைப் பக்கத்தில் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. வானிலை சொல்கிற மாதிரி சொன்னார்.

"மூச்சு இழுக்க ஆரம்பிச்சா கட்டிலோட எறக்கி ரோட்டோரம் வச்சிருவோம்ணே. மொதலாளி உத்தரவு. முடிஞ்ச பெறகு அவுக ஆளுக தூக்கிட்டுப் போயிருவாக."

டீக்கடைப் பேச்சு

வெளியே வந்ததும் சீனிச்சாமியை டீக்கடைக்கு இழுத்துப்போனேன். தவசி சொன்னதை அப்படியே சொன்னேன். எந்தெந்த வளைவில் யார் யாரைப் படுக்க வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார்களோ என்று நினைக்க நினைக்க, மெட்டுச் சாலை முழுக்க எனக்குக் கட்டிலாகத் தெரிந்தது. இதைக் கேட்டால் மனுஷன் எழுந்து போய்விடுவார், நானே வேறு வண்டி தேடிக் கொடுத்துவிடலாம் என்று நம்பினேன். அவர் டீயைக் குடிக்கவில்லை. கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, வண்டி சுத்தந்தான?"

வளைவில் நின்றது

வாங்கிவிட்டார். வண்டியின் சுபாவம் தெரிந்தவர் என்று தவசியையும் சேர்த்தே அழைத்துக்கொண்டார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் பேச்சிக்கு மாசம் நிறைவதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. தோட்டத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிறகு பேச்சிக்கு ரத்தம் நிற்கவில்லை. பிள்ளையைப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் பால்கொடுக்கிற ஒருத்தியிடம் விட்டுவிட்டு, தாயைக் கட்டிலோடு ஜீப்பில் கட்டி இறக்கினார்கள்.

மறுநாள் காலை தவசி வண்டியைக் கழுவ எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கழுவவில்லை, தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் பேச்சிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. இவர் கால் தன்னாலேயே பிரேக்குக்குப் போய்விட்டது. மருமகனுக்கும் வழக்கம் தெரியும். யாரும் சொல்லாமலே அவர் கை கயிற்று முடிச்சுக்குப் போய்விட்டது. எல்லோரும் சீனிச்சாமியைப் பார்த்தார்கள். அவர் மருமகன் கையைத் தட்டிவிட்டு, கட்டில் சட்டத்தில் ஏறி உட்கார்ந்து மகள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஓட்டச் சொன்னார். முந்தலைத் தாண்டும்போது பேச்சி போய்விட்டாள். அப்புறமும் அவர் நிறுத்த விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மடியை விலக்கினார்.

நானே வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். தவசி சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி இருந்தது போலிருக்கிறது. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வளைவுல வண்டி நின்னுச்சுல்ல, அந்தப் பிள்ள கண்ண முழிச்சு, ஆஸ்பத்திரி வந்துருச்சாப்பான்னு கேட்டுச்சுண்ணே."

பார்க்க வந்தவர்

காரியம் முடிந்ததும் வண்டியைக் கண்ணில் காணவே சீனிச்சாமிக்குப் பிடிக்கவில்லை. விற்றுவிடச் சொன்னார். கம்பம் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். எஞ்சின், பிரேக்கு, கியர் எல்லாவற்றிலும் அவருக்குத் திருப்தி. கிளம்பும்போது அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்த மாதிரி நேரத்துக்கென்று மழுப்பலாகச் சொல்ல என்னிடம் பத்து வார்த்தை உண்டு. அதில் ஒன்றை நான் எடுப்பதற்குள் சீனிச்சாமியே முன்னால் வந்து கம்பியில் கை வைத்துப் பதில் சொன்னார். அதைக் கேட்டதும் வந்தவர் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை.

"எம் மக இதுலதான் போனா. மடியில வச்சிருந்தேன்."

கெட்டுப்போன வண்டி

விஷயம் ஊரெல்லாம் பரவியது. விலைகேட்டு ஒரு ஆள் வரவில்லை. மார்கழியில் பிரேக்குக் கட்டை மாற்ற நான் மலைக்குப் போயிருந்தேன். பேத்தி லயத்துக்காரியின் இடுப்பில் இருந்தாள். பகல் நேரம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாலைந்து பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார்கள். மரம் வெட்டும்போது கிளை விழுந்து நெஞ்சு நசுங்கிய ஆள். அவனுடைய அண்ணன் சீனிச்சாமி காலடியில் உட்கார்ந்துவிட்டான். எப்படியாவது போடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று கெஞ்சினான். மூச்சு இழுத்தால் தாங்களே இறக்கிக்கொள்வதாகவும், வண்டிக்குப் பங்கம் வரவிடமாட்டோம் என்றும் அவனே வாக்குக் கொடுத்தான். சீனிச்சாமி அவனைத் தூக்கி நிறுத்தினார். கயிற்றை எடுத்து ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார், மறுமுனையைத் தானே கம்பியில் கட்ட ஆரம்பித்தார்.

"எறக்குற பேச்சு வேண்டாம்ப்பா. இதுதான் கெட்டுப்போன வண்டியாச்சே, வெரசா ஏத்துங்க."

விற்கவே முடியாமல் போன அந்த ஒரு வண்டி இருந்ததால்தான், மெட்டுக்கு மேலே முடியாமல் போனவர்கள் உயிரோடோ இல்லாமலோ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள்.