லிஃப்ட் கொடுத்த மரண வாக்குமூலம்

லிஃப்டுக்கு மூளையாக இருக்கும் போர்டுகளைச் செய்கிற கம்பெனி அது. பதினோரு வருடமாக அங்கே புரோகிராம் எழுதுகிறவளுக்கு ஆபீசில் 'வாக்குமூலம்' என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். போர்டுக்கு உயிரான கெர்னல் என்கிற அடிப்படை புரோகிராம் செத்து விழும்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது செத்தேன் என்று நாலு வரி எழுதிவைத்துவிட்டுத்தான் சாகவேண்டும் என்று மீட்டிங்குக்கு மீட்டிங் அவள் பிடிவாதம் பிடிப்பாள். மேனேஜர் சிரிப்பார்.

"சாகப்போற போர்டுக்கு உயில் எதுக்கும்மா?"

அவர் சிரிப்பு அடங்கியது ஒரு லிஃப்டால். இரண்டு மாடிக்கு நடுவே ஒரே மாதத்தில் மூன்று முறை நின்றுவிட்டது. அதுவும் அவள் குடியிருக்கிற கட்டடத்திலேயே. இரண்டு முறை உள்ளே மாட்டிக்கொண்டது அவளுடைய அம்மா. ஒவ்வொரு முறையும் கதவு மூடிக் கிளம்பிய கையோடு நின்றதால், கதவுக்கு புரோகிராம் எழுதியவள்தான் குற்றவாளி என்று மேனேஜர் முடிவுகட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவள் எழுதியதைத் தூக்கிவிட்டு, அவளையும் கையேடு எழுதும் பிரிவுக்கு அனுப்பிவிடுவாராம்.

அம்மா அதைவிட ஒருபடி மேலே போனாள். முட்டிவலியோடு ஐந்து மாடியும் நடந்தே ஏறினாள். "நீ எழுதின லிஃப்ட்ல இனிமே கால் வைக்கமாட்டேன்டி!" மேனேஜர் சொன்னதைத் துடைத்துப் போட்டுவிட்டாள் மகள். இது மட்டும் உள்ளே தைத்தது.

இத்தனைக்கும் போர்டில் வாக்குமூலத்துக்கு அவள் இடம் ஒதுக்கித்தான் இருந்தாள். போர்டு தானாக மறுபடி கிளம்பினாலும் அழியாத ஒரு மூலை. ஆனால் மூன்று முறையும் திறந்து பார்த்தால் குப்பைதான் இருந்தது.

திங்கள் காலை லிஃப்ட் மறுபடி நின்றது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை. வந்த மெக்கானிக்கோடு அவளும் மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறினாள். அவர் தோள் பையைக்கூட இறக்கவில்லை, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"இதுதாம்மா முதல் வேலை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பாதி வியாதி ஓடிடும். இருபது வருஷமா இப்படித்தான்."

திட்ட வாயெடுத்தவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். கரண்ட் போனால் அந்த மூலையும் அழிந்து குப்பையாகிவிடும். எந்த ஊர் மெக்கானிக் சுவிட்சைத் தொடாமல் இருப்பான்? ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தால் இந்த லட்சணம்தான்.

கரண்ட் போனாலும் அழியாத சின்னச் சிப் ஒன்று போர்டில் சும்மா கிடந்தது. வாக்குமூலத்தை அதில் எழுதவைத்தாள். சாகிற கெர்னல் வழக்கமான வழியில் எழுதப்போனால், உதவிக்கு மற்ற புரோகிராம்கள் வருமா என்று காத்திருந்தே செத்துவிடும். அதனால் யாரையும் கூப்பிடாமல் தானே எழுதி முடிக்கிற குட்டி புரோகிராம் ஒன்றைச் செய்தாள். ஆபீஸ் மேஜையில் ஒரு போர்டை நாற்பது தடவை வேண்டுமென்றே கொன்றாள். நாற்பது தடவையும் அது வாக்குமூலம் கொடுத்தது. புதனன்று அந்தக் குட்டி புரோகிராமைத் தன் கட்டட லிஃப்டில் ஏற்றினாள்.

வியாழன் மத்தியானம் லிஃப்ட் நின்றது. மெக்கானிக் போன் செய்தார்.

"அம்மா, சுவிட்சைத் தொடலாமா?"

"தாராளமா தொடுங்கண்ணே. பத்து தடவை தொடுங்க!"

வெள்ளிக்கிழமை சிப்பில் இருந்த வரிகள் எல்லார் முன்னாலும் திரையில் ஓடின. கதவின் பேச்சே அதில் இல்லை. மாடி எண்ணைச் சொல்லும் குரல் புரோகிராம், தன் இடத்தைத் தாண்டி கெர்னலின் இடத்தில் கை வைத்திருந்தது. ஆறு வருடம் முன்பு அதை எழுதியவர் மேனேஜர்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என் கைவேலைதான்."

"ஆமா சார்," என்றாள் அவள். "உயில்ல உங்க பேர்தான் இருக்கு."

அறையே அதிரச் சிரித்தது. அவரும்தான். திருத்தம் மத்தியானமே லிஃப்டில் ஏறியது.

சாயங்காலம் காய்கறிப் பையோடு அம்மா முதல் படியில் கால் வைத்து நின்றிருந்தாள்.

"யார் தப்பாம்?"

"என்னோடது இல்லம்மா. லிஃப்டே எழுதிக் குடுத்துடுச்சு."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காலை எடுத்தாள். நேராக லிஃப்டுக்குள் போய் ஐந்தை அமுக்கினாள்.

"வாடி, கதவு மூடுது பாரு!"

அவள் ஓடினாள். அவள் எழுதிய கதவு, அவளைக் கண்டதும் மறுபடி திறந்தது.