ரவி திறந்துவிட்ட என் பந்தயப் புறா

அன்றைக்கு நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நான், என் மனைவி செல்வி, பக்கத்து வீட்டு மணி அண்ணன், பைக்கில் வந்து இறங்கிய ரவி, இவ்வளவு பேரும் இருந்தோம்.

ரவி நானுஓயாக்காரன். என் நல்ல பந்தயப் புறாவை இருபதாயிரத்துக்குப் பேசி, ஐயாயிரம் மட்டும் தந்து கொண்டுபோனவன். பாக்கி கேட்டுப் போனில் கோல் எடுத்தால் லைனை வெட்டிவிடுவான். "லயத்துக்காரனுக்கு என்ன அவசரம்?" என்று கடையில் சிரித்தானாம். அது என் நெஞ்சிலேயே கிடந்தது.

வளர்ந்த புறாவை வாங்கினால் கூட்டில் வைத்துக் குஞ்சுதான் எடுக்கணும். பறக்கவிட்டால் பழைய வீட்டுக்கே வந்துவிடும். இது அவனுக்குத் தெரியாது. நானும் வேண்டுமென்றே சொல்லவில்லை. பந்தயத்துக்குப் பழக்கலாம் என்று அவன் திறந்துவிட, அது நேராக நோர்வூட்டில் என் கூரைக்கு வந்துவிட்டது.

"அண்ணே, புறாவைக் குடுங்க. இல்லாட்டி பொலிசுக்குப் போவேன்" என்றான் ரவி.

செல்விதான், "போங்க தம்பி, பாக்கியையும் அங்கேயே சொல்லுங்க" என்றாள்.

"காசு குடுக்காத வீட்ல இருக்க புறாவுக்கே வெக்கமா இருக்குப்பா" என்றார் மணி அண்ணன்.

ரவி பைக்கைத் திருப்பினான். பொலிஸ் வருமோ என்று அப்புறம் ரெண்டு நாள் நான் தூங்கவில்லை. ஆனால் அவன் முகம் போன போக்கை நினைத்தால் இப்பவும் இனிக்குது.

இப்போதெல்லாம் முழுக் காசும் கைக்கு வராமல் யாருக்கும் கூட்டைத் திறப்பதில்லை. ரவிக்கும் அதேதான். பாக்கி பதினையாயிரம் ரூபாவும் வந்தால்தான் புறா.