எட்வின் கார்த் நுழைந்த கதவு

இடது கையில் வினிகர் சொட்டும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்; வலது கையில் எதிரே நிற்பவரின் கோட்டுப் பொத்தான். சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஸ்கார்பி ஊர் மீன் சந்தையில் எட்வின் கார்த் இப்படித்தான் நிற்பார். நான்கு தேர்தல்களாக எங்கள் எம்.பி. அவர்தான். பொத்தான் கையில் சிக்கிவிட்டால் பேசிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிடுவார்; கால் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை பாதிரியாரோடு சாக்கடைப் பிரச்சினை பேசிக்கொண்டே யாருடைய கல்யாணத்துக்குள்ளோ போய்விட்டார். அந்த வீட்டுக் கல்யாணப் படத்தில் இன்றைக்கும் வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

ஒழுகும் கூரை, வராத ஓய்வூதியம், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் அவரிடம் வரும். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "விடு, திங்கக்கிழம நான் போய்க் கேக்குறேன்." சொன்னபடி போய்க் கேட்கவும் செய்வார். அமைச்சர்கள் அவரைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவார்கள் என்று கேள்வி. பதவி எதுவும் அவரை எட்டிப் பார்த்ததில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை. எனக்குத்தான் வருத்தம்.

போன மாதம் எங்கள் கடற்காவல் நிலையத்தை மூடுவதற்கான மசோதா லண்டனில் பாராளுமன்றத்துக்கு வந்தது. புயலில் படகு தவித்தால் முதலில் கண்டுபிடிப்பவர்கள் அந்த நிலையத்து ஆட்கள். எட்வின் எதிர்த்துப் பேசி வெளுத்து வாங்கினார். அப்புறம் ஓட்டெடுப்பு மணி அடித்தது. அங்கே ஓட்டுப் போடுவது காலால்தான்: ஆதரிப்பவர்கள் ஒரு நடைவழியில் போவார்கள், எதிர்ப்பவர்கள் இன்னொன்றில். எட்வின் ஓர் ஆளுங்கட்சி நண்பரின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, பந்தயப் புறாக்களைப் பற்றிப் பேசியபடி அவரோடேயே ஆதரவு நடைவழிக்குள் போய்விட்டார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

அவர் ஓட்டு இல்லாமலே மசோதா அந்தச் சுற்றில் ஜெயித்திருக்கும். ஆனாலும் நிலையத்தை மூடச் சொன்னவர்களோடு அவர் பெயரும் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. இறுதி ஓட்டெடுப்பு பாக்கி இருந்தது.

மயக்கம் வந்துவிட்டதாகச் சொல்லுங்கள் என்றார்களாம் கட்சிக்காரர்கள். இவர் மறுத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமையும் சந்தைக்கு வந்தார். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை.

"புறாவப் பத்திப் பேசிக்கிட்டே தப்பான கதவுல நுழைஞ்சுட்டேன்," என்றார் பொதுவாக. "வேற காரணம் ஒண்ணும் இல்ல. என் தப்புதான்."

மீன் வெட்டிக்கொண்டிருந்த மேவிஸ் ப்ளெங்கின் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எம் புள்ளைங்க ரெண்டு பேரும் இப்பக் கடல்லதான் இருக்கானுங்க, எட்வின். உனக்குப் புறா கேக்குதா?"

தலையைக் குனிந்துகொண்டார். கடைசி ஓட்டு எப்போது என்று மேவிஸ் கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றார். அதற்குள் ஆளுங்கட்சியிலிருந்தும் முடிந்தவரை ஆட்களை இழுத்துவிடுவதாக மெல்லிய குரலில் சொன்னார். அவள் கத்தியை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை என் கடைக்கான பத்திரிகைக் கட்டை எடுக்க ரயில் நிலையம் போயிருந்தேன். பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன; லண்டன் போவது ஒன்றுதான். நடுவில் எட்வின், ஸ்டேஷன் மாஸ்டரோடு சுவாரசியமான பேச்சில் இருந்தார். மீன் செதில் ஒட்டிய ஏப்ரனோடு மேவிஸ் வந்தாள். அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய், லண்டன் வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, கதவை வெளியிலிருந்து சாத்தினாள். வண்டி நகரும்வரை கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.